பத்தடி அறையிலே ஒரு குடித்தனம்

பத்தடி நீளம், ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலம். நம் வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறைகூடச் சில சமயம் இதைவிடப் பெரிதாக இருக்கும். இந்த இடத்துக்குள்ளே தாய், தகப்பன், மூன்று நான்கு குழந்தைகள் என்று ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தலைமுறை தலைமுறையாக!

இங்கிலாந்து நாட்டுக் கால்வாய்களில் ஓடிய சரக்குப் படகுகளைத்தான் சொல்கிறேன். படகின் நீளம் எழுபதடி, அகலம் ஏழடி. அது என்ன, அவ்வளவு ஒல்லி? அங்கே மேடான நிலத்தில் கால்வாய் படிப்படியாக ஏறிச் செல்கிறது. ஒவ்வொரு படியிலும், இரு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ வடித்தோ மறுபக்கம் விடுவார்கள். இதற்கு 'லாக்' என்று பெயர். பழைய லாக்குகளில் பல ஏழடி அகலமே. படகும் அதற்கு ஏற்றபடி அமைந்தது. லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை 137 மைல். அதற்குள் 166 லாக்குகள்! ஒவ்வொன்றிலும் இறங்கிக் கதவைத் தள்ளுவது யார்? பெரும்பாலும் வீட்டுக்காரியும் குழந்தைகளுமே.

படகின் பெரும்பகுதி நிலக்கரிக்கு. பின்கோடியில் மிஞ்சியதுதான் மனிதருக்கு. உள்ளே இறங்கினால் இடப்பக்கம் ஒரு கரி அடுப்பு. அதுவே சமையலுக்கு, அதுவே குளிருக்குக் கணப்பு. அடுத்து ஓர் அலமாரி; அதன் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சாப்பாட்டு மேஜை. கோடியில் மற்றொரு அலமாரி. இரவில் அதன் கதவைத் தாழ்த்தினால் கட்டில். சுவரெங்கும் ஓரத்தில் சரிகை போல் வெட்டிய பீங்கான் தட்டுகள், பளபளக்கும் பித்தளைக் குமிழ்கள். தண்ணீர் வைக்கும் தகரக் குடத்தில் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் வரைந்திருப்பார்கள். கூரைமேல் தவழும் குழந்தை தண்ணீரில் விழாமல் இருக்க, இடுப்பில் கயிறு கட்டிப் பிணைத்து வைப்பதும் உண்டு.

முதலில் இப்படி இல்லை. படகோட்டிக்குக் கரையில் வீடு இருந்தது; குடும்பம் அங்கே, வேலை தண்ணீரில். ரயில் வந்தது. போட்டியில் கூலி குறைந்தது. கரை வீட்டு வாடகையும் மிச்சம், கூலியாளும் மிச்சம் என்று பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டான். பிறகு இயந்திரம் வந்தபோது அவன் முன்படகில், அவள் பின்னால் இழுபடும் படகின் சுக்கானில். இரண்டுமாகச் சுமார் 50 டன் சரக்கு. கூலியோ அவன் கையில்தான்! அவள் உழைப்புக்குத் தனிக் கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1877-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஏற்பட்ட விதி, படகறையில் பெரியவர் ஒருவருக்கு 60 கன அடியும், குழந்தைக்கு 40 கன அடியும் காற்று இருக்க வேண்டும் என்றது. காற்றை அளந்தார்கள், படிப்பை என்ன செய்வது? இன்று ஓரூர், நாளை ஓரூர். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர்கள் அநேகம். 1950-களில் பர்மிங்காமில் படகுக் குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி நடந்தது. குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் படகை ஓட்டிச் செல்லும் தாயின் மனத்தை யார் அளப்பது? (இன்றும் அந்தக் கால்வாய்களில் படகிலே குடியிருப்போர் உண்டு. சொந்தத் துறை இல்லாதவர்கள் பொதுவாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் வருஷத்துச் சட்டம். பள்ளிக்கூடத் தலைவலி இன்னும் தீர்ந்தபாடில்லை.)

உறைந்தது கால்வாய்

1948-ல் கால்வாய்கள் தேசியமயமாயின. லாரிகள் பெருகின. சரக்கு குறைந்தது. 1962 டிசம்பர் கடைசியில் பிடித்த பனி 1963 மார்ச் வரை விடவில்லை. கால்வாய் கல்லாய் இறுகிவிட்டது. படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. நிலக்கரி லாரியில் போயிற்று. போனதில் பெரும்பங்கு திரும்பி வரவில்லை. அந்த வருஷமே சர்க்கார் வாரியம் இவ்வகைப் படகு வாணிபத்தைப் பெரும்பாலும் கைவிட்டது.

அப்போது பனியில் சிக்கிய படகுக் குடும்பம் ஒன்றை மனத்திலே வைத்துப் பாருங்கள். சாதாரணத் தொழிலாளிக்கு வேலை போனால் வேலைதான் போகும். படுக்க வீடு இருக்கும். இவர்களுக்கோ படகு வாரியத்தினுடையது. வேலை போன அன்றே வீடும் போயிற்று! நகரசபையில் வீடு கேட்கலாம். மனுத் தாளைப் பூர்த்தி செய்ய வேண்டும். படிக்கத் தெரிந்தவர் யார்? விடுதியில் படித்த மகள்தான். பத்து வயதுப் பெண் எழுத, தகப்பன் பக்கத்தில் நின்று விவரம் சொல்கிறான். 'தற்போதைய விலாசம்' என்ற இடம் வந்ததும் பேனா நிற்கிறது.

ஆலை வேலை கிடைக்குமா என்று அவன் விசாரிக்கிறான். மணியடித்தால் போய், மணியடித்தால் வரும் வேலை அவனுக்குப் புதிது. அவளுக்கோ கரை வீடு என்றால் ஆசையும் பயமும். குழாயைத் திறந்தால் தண்ணீர். குழந்தைகள் தினமும் பள்ளியிலிருந்து வீட்டுக்கே வருவார்கள். ஆனால் பகலெல்லாம் அவன் ஆலையில், அவள் நாலு சுவருக்குள். இத்தனை வருஷம் சேர்ந்து ஓட்டிய கை இனி என்ன செய்யும்?

எல்லாப் படகும் அந்த வருஷமே நின்றுவிடவில்லை. தனியார் கம்பெனிகளிடம் போய்ச் சிலர் இன்னும் சில காலம் ஓட்டினார்கள். லண்டன் பக்கத்து ஜாம் ஆலை ஒன்றுக்கு நெடுந்தூரத்திலிருந்து நிலக்கரி கொண்டுபோன நடை 1970 வரை இருந்தது.

நம் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூட்டை கட்டியாக வேண்டும். அடுப்பு படகோடு பொருத்தியது, விட்டுவிட வேண்டியதுதான். தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றுகிறாள். பித்தளைக் குமிழ்களைக் கழற்றிக்கொள்கிறாள். மடக்குக் கட்டில் பழகிய கடைக்குட்டி, புது வீட்டில் கட்டிலைப் பகலில் எங்கே மடித்து வைப்பது என்று கேட்கிறான். ரோஜாப்பூப் போட்ட தண்ணீர்க் குடத்தை எடுக்கும்போது, அங்கேதான் குழாய் இருக்கிறதே என்கிறான் புருஷன். அவள் பதில் சொல்லாமல் அதைக் கரையில் இறக்கி வைக்கிறாள்.