காருக்கும் குளிர்ந்த காற்று வேண்டும்

மாணவர்களே, பிற்பகல் மூன்று மணிக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகச் சென்றிருக்கிறீர்களா? வெயில் கொளுத்தும், நெரிசலில் கார் ஊர்ந்து செல்லும். டர்போ கார் வைத்திருப்பவரைக் கேட்டால், "இந்த நேரத்தில் மிதித்தாலும் இழுக்காது. இரவில் மழை ஓய்ந்த பிறகு ஓட்டினால் அதே கார் துள்ளும்" என்பார். இது வெறும் பிரமை அன்று. நான்காம் படிவ இயற்பியலில் வரும் வாயு விதிகளே இதற்குக் காரணம்.

டர்போ என்ன செய்கிறது?

பெட்ரோல் எரிய உயிர்வளி வேண்டும். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைகிறதோ, அவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம். சாதாரண கார் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போவும் சூப்பர்சார்ஜரும் காற்றை அமுக்கித் திணிக்கின்றன. டர்போவைச் சுழற்றுவது புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூடான வாயு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது பெரும்பாலும் எஞ்சினோடு இணைந்த பட்டை.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. 2012-இல் வெளிவந்த புரோட்டோன் பிரெவே, டர்போ இல்லாமலும் டர்போவோடும் விற்கப்பட்டது. இரண்டும் 1.6 லிட்டர் எஞ்சின்தான். டர்போ இல்லாததன் திறன் 80 கிலோவாட். டர்போ உள்ளதன் திறன் 103 கிலோவாட். 2021-இல் வந்த பெரோடுவா அத்திவாவில் இருப்பதோ வெறும் 1 லிட்டர் டர்போ எஞ்சின்.

அமுக்கினால் சூடாகும்

சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்க நாம் செய்யும் வேலை வெப்பமாக மாறுகிறது. டர்போவிலும் இதுவே நடக்கிறது. ஆனால், அதன் சக்கரம் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது.

கணக்குப் போடுவோம். வெளிக்காற்று 33 பாகை செல்சியஸ். அதை 1.7 மடங்கு அழுத்தத்திற்கு அமுக்குகிறோம். டர்போவின் செயல்திறன் 70 விழுக்காடு என்று கொண்டால், வெளிவரும் காற்று சுமார் 105 பாகையில் இருக்கும். கொதிநீரைவிடச் சூடு!

சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். அதே அழுத்தத்தில் அதை 50 பாகைக்குக் குளிரவைத்தால் என்ன ஆகும்? வெப்பநிலையைக் கெல்வினில் எழுதுங்கள்: 378, 323. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.17. அதாவது, அதே இடத்தில் 17 விழுக்காடு கூடுதல் காற்று அடங்கும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கலவை அளவுக்கு மீறிச் சூடானால், தீப்பொறியால் பற்றிய தீ பரவி முடிப்பதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்து எரியும். எஞ்சினில் 'டக் டக்' என்ற ஓசை கேட்கும். காரின் கணினி இதை உணர்ந்தால் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் குறையும். பிற்பகலில் கார் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கணினியை மாற்றியமைத்து அழுத்தத்தை மட்டும் ஏற்றி, காற்றைக் குளிர்விக்காமல் விட்டால், பிஸ்டனே உடைந்துபோகலாம்.

தே தாரிக் சொல்லும் பாடம்

பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் போடுபவரைக் கவனியுங்கள். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தேநீரை நீளமாக இழுத்து ஊற்றுகிறார். தேநீர் மெல்லிய தாரையாக நீளும்போது அதிகப் பரப்பு காற்றில் படுகிறது. வெப்பம் விரைவாக வெளியேறுகிறது.

இண்டர்கூலரும் பரப்பைப் பெருக்கித்தான் வேலை செய்கிறது. சூடான காற்று பல மெல்லிய அலுமினியக் குழாய்களாகப் பிரிந்து ஓடுகிறது. குழாய்களுக்கு இடையே உள்ள தகட்டு மடிப்புகள் வழியாக வெளிக்காற்று பாய்ந்து வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. ஆனால், இது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிக்காற்றைவிடக் குளிராக்க முடியாது. வெளியே 33 பாகை என்றால் அதற்குக் கீழே இறங்காது.

நெரிசலில் நிற்கும்போது அந்த வெளிக்காற்றே பாயாது. எஞ்சினின் வெப்பத்தில் இண்டர்கூலர் ஊறிவிடும். இண்டர்கூலர் எஞ்சினின் மேல் இருக்கும் கார்களில் இந்தத் தொல்லை அதிகம். முன்பகுதியில் இருந்தால் குறைவு. அதற்காக மிகப் பெரிய இண்டர்கூலரை மாட்டுவதும் சரியன்று. அதை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும்; வழியில் அழுத்தமும் குறையலாம்.

சிலர் காற்றுக்குப் பதிலாக நீரால் குளிர்விக்கும் இண்டர்கூலரைப் பொருத்துகிறார்கள். குறுந்தூரப் பந்தயக்காரர்கள் அந்த நீர்த்தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டுவதும் உண்டு. பனி உருகும் வரைதான் அதன் பலன்.

இன்னொரு வழி, காற்றோடு நீரை நுண்துளிகளாகத் தெளிப்பது. நீர் ஆவியாக உள்ளுறை வெப்பம் வேண்டும். அதைச் சூடான காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இம்முறை பயன்பட்டது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரிலும் நீரும் மெத்தனாலும் கலந்த கரைசல் பயன்பட்டது.

சத்தம் பெரிது, பலன்?

எஞ்சின் அறைக்குள்ளேயே திறந்த காற்று வடிகட்டியைச் சிலர் மாட்டுகிறார்கள். 'உஸ்' என்று சத்தம் வரும். வேகம் கூடியதுபோலத் தோன்றும். ஆனால், அது உறிஞ்சுவது எஞ்சின் சூடேற்றிய காற்றை. நம் கணக்கில் 33-க்குப் பதில் 53 பாகைக் காற்று நுழைந்தால், டர்போவிலிருந்து சுமார் 130 பாகையில் வெளிவரும். காசு கொடுத்து வெப்பத்தை வாங்கிய கதைதான்! வெளிக்காற்றை நேராகக் கொண்டுவரும் குழாயும், சூட்டைத் தடுக்கும் மறைப்பும் இருந்தால்தான் அந்த வடிகட்டியால் பயன்.

எனவே, நாளை உங்கள் அண்ணனோ நண்பரோ காரை மாற்றியமைக்கப் போவதாகச் சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை எவ்வளவு?" இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சோதனை இணைப்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால் கைப்பேசியிலேயே அதைப் பார்க்கலாம். அப்பா கார் ஓட்ட, நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்: நெரிசலில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு? மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அதே சாலையில் அளந்து ஒப்பிடுங்கள். எண் இறங்கவில்லை என்றால், கூடியது சத்தம் மட்டுமே.