படிக்கும்போது மனம் எங்கே?

பரீட்சை நெருங்கிவிட்டது. பையன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கண் எழுத்தின் மேல் இருக்கிறது. மனமோ, “பெயிலாகிவிட்டால் அப்பா என்ன சொல்வார்?” என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கம் புரள்கிறது, தலையில் ஒன்றும் ஏறவில்லை.

இந்தத் தொல்லை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படிக்கும் கெட்டிக்கார மாணவர்களையும் விடுவதில்லை. அங்கே இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பெயர் மனவிழிப்புப் பயிற்சி.

என்ன பயிற்சி?

புத்த பிக்ஷுக்களின் தியானத்தில் பிறந்தது இது. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்ற விஞ்ஞானி, தீராத வலியால் வருந்திய நோயாளிகளுக்காக 1979-ல் இதை ஒரு பாடமாக அமைத்தார்.

நேராக உட்காருங்கள். மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். அடக்கவோ, இழுத்துப் பிடிக்கவோ வேண்டாம். சற்று நேரத்தில் மனம் ஓடிவிடும். தெரிந்ததும், கோபித்துக்கொள்ளாமல், மேயப்போன கன்றை ஓட்டி வருவதுபோல் மூச்சிடம் திருப்பிக் கொண்டுவாருங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை. அப்படித் திருப்புவதுதான் பயிற்சி.

கேம்பிரிட்ஜ் கண்ட பலன்

2015-16 கல்வியாண்டில் 616 மாணவர்கள் தாமாகவே முன்வந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எட்டு வாரப் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான உதவி மட்டும். பரீட்சைக் காலத்தில் விசாரித்தபோது, பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 57 பேர் கவலைக்குரிய மனவேதனையில் இருந்தனர். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர்தான்.

கட்டாயம் பலிக்குமா?

“அப்படியானால் எல்லாப் பள்ளியிலும் வைத்துவிடலாமே!” என்று தோன்றும். பிரிட்டனில் அதையும் செய்து பார்த்தார்கள். 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் சோதனையில் சேர்ந்தனர். ஒரு பகுதிப் பள்ளிகளில் உபாத்தியாயர்கள் வகுப்பிலேயே இதைப் பாடமாக நடத்தினார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமான பாடத்தைவிட அதிக நன்மை எதுவும் தெரியவில்லை! பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் செய்து பார்க்கவேயில்லை.

கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வயதில் பெரியவர்கள், விரும்பி வந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ இது மணியடித்தால் வரும் இன்னொரு பாடம்.

பெற்றோரே, “தியானம் செய்!” என்று பிள்ளையை அதட்டாதீர்கள். இன்றிரவு அவன் புத்தகத்தைத் திறக்குமுன், ஐந்து நிமிஷம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை தூக்கமும் சாப்பாடும் இழந்து வாடினால், மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரீட்சை வரும், போகும். பிள்ளையின் மனம் நலமாக இருக்கவேண்டும்.