ஆபீஸ் போனை இணையத்துக்கு மாத்தறீங்களா? கரண்ட் போனா என்ன ஆகும்னு முதல்ல பாருங்க!

பழைய லேண்ட்லைன் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வயர் வழியாக வரும். அதனால் கரண்ட் போனாலும் பேசலாம். இணையம் வழி இயங்கும் ஐபி போன் அப்படியல்ல. மோடம் அணைந்தாலே போதும், வெளியே பேச முடியாது. அவசரத்துக்கு 108-ஐக்கூட அழைக்க முடியாது.

எனவே, போன் வாங்கும் முன்பே திட்டமிடுங்கள்:

• ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள்? ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் சுமார் 90 கேபிபிஎஸ் வேண்டும். 10 அழைப்புக்கு 1 எம்பிபிஎஸ் ஒதுக்குங்கள்.

• பெரிய ஃபைல் இறங்கும்போது பேச்சு விட்டுவிட்டுக் கேட்காமலிருக்க, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

• மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், போன் எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

• நெட்டே போனால் அழைப்புகள் செல்போனுக்குத் திரும்பும்படி சேவை நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள்.

எல்லாம் முடிஞ்சதும் மெயின் ஸ்விட்சை அணைச்சு, ஒரு கால் பண்ணிப் பாருங்க. மணி அடிச்சா, நீங்க ரெடி!