உட்செவியைக் காட்டும் படங்கள்

இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா நகரில் 1893-ஆம் ஆண்டு காது கேளாதோர்க்கென ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கு வந்து சேர்ந்த சிறுவர்களின் செவிக்குள் என்ன குறை நேர்ந்துள்ளது என்பதை உயிருடன் இருக்கையில் பார்த்தறியும் வழி அன்று உலகில் எங்கும் இல்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள் அந்நகரத்துப் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் அக்கதிர்க் கருவியைத் தாமே அமைத்து, டாக்டர் நீல்ரத்தன் சர்க்காரின் நோயாளி ஒருவருக்கு முறிந்த எலும்பைப் படமெடுக்கவும் முற்பட்டார்.

எலும்பு முறிவைக் காட்டிய கதிர்கள் உட்செவியின்முன் பெரும்பாலும் பயன்படவில்லை. ஒலியை நரம்புக் குறிப்பாக மாற்றும் காக்ளியா, ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுடைய நத்தைக்கூடு போன்ற குழல், பட்டாணியளவே உள்ளது. உடலின் மிகக் கெட்டியான எலும்புகளுள் ஒன்றில் அது புதைந்து கிடப்பதால், சாதாரணப் படத்தில் தலையின் மற்ற எலும்புகளின் நிழலோடு நிழலாக மறைந்துவிடும். செவிட்டுச் சிறுவன் ஒருவனின் காக்ளியா ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிட்டதை 1791-இல் இத்தாலிய அறிஞர் மொண்டினி விவரித்தார். அஃது இறந்த உடலை அறுத்துக் கண்ட உண்மை.

1971-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. கருவி இந்நிலையை மாற்றியது. எலும்பை மெல்லிய தளங்களாகப் பிரித்துக் காட்டுவதால், காக்ளியாவின் சுற்றுகளை இன்று எண்ணிப் பார்க்கலாம். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ., குழலினுள் உள்ள நீரையும் செவி நரம்பையும் காட்டுகிறது. காக்ளியா கருவி பொருத்துமுன் மருத்துவர் கேட்கும் கேள்விகள் இவையே: குழல் உருவாகியுள்ளதா, அது திறந்துள்ளதா, நரம்பு உள்ளதா? நரம்பே இல்லாத குழந்தைக்கு அக்கருவியால் பயன் கிட்டுவது அரிது.

சில குழந்தைகளுக்கு உட்செவியிலிருந்து செல்லும் ஒரு நுண்கால்வாய் இயல்பைவிட அகன்றிருக்கும். ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும் அத்தகைய குழந்தை, தலையில் சிறு அடிபட்டதும் எஞ்சிய கேள்வியையும் இழக்கக்கூடும். படத்தில் இது தெரிந்தால், தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்களினின்று அக்குழந்தையை ஆசிரியர் விலக்கி வைத்தல் நலம்.

மூளையுறை அழற்சியோ நாளைக் கணக்கிட்டே அணுக வேண்டியது. மக்கள் மூளைக் காய்ச்சல் என்று கூறுவனவற்றுள் இதுவும் அடங்கும். காய்ச்சல் தணிந்து பிள்ளை பிழைத்ததே போதுமென வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில், காக்ளியாவினுள் எலும்பு வளரத் தொடங்கிவிடலாம். சில வாரங்களே இதற்குப் போதும். குழல் முழுதும் அடைபட்டபின் கருவியின் மின்முனைகளை உட்செலுத்துவது மிகக் கடினம். எலும்பு சி.டி.-யில் புலப்படுமுன்னரே, நீர் குறைந்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். ஆகவே இந்நோயினின்று மீண்ட குழந்தைக்குக் காலந்தாழ்த்தாது செவிச்சோதனை செய்விக்க வேண்டும். பேச்சு வரட்டும் என்று காத்திருத்தல் பெருந்தவறு.

படத்தில் குறையொன்றும் இல்லை என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் நிம்மதியடைவதும் உண்டு. இது தவறான நிம்மதி. பிறவிக் கேளாமையுடையோருள் பெரும்பாலோர்க்கு உட்செவியின் அமைப்பு படத்தில் இயல்பாகவே தோன்றும். கேடு நேர்ந்திருப்பது ஏறத்தாழ 15,000 மயிரணுக்களில். அவற்றைத் தனித்தனியே காட்டும் திறன் மருத்துவமனைக் கருவிகளுக்கு இல்லை. கேள்வியை அளப்பது செவிச்சோதனையே. படம் அதற்குத் துணை.

கொல்கத்தாவின் வடபால் பன்ஹூக்ளியில், அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் கிழக்கு மண்டல மையம் இத்தகைய செவிச்சோதனைகளைச் செய்கிறது. படமெடுப்பதற்குப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறு குழந்தைகள் அசையாது கிடக்க மாட்டார்களாதலால் பெரும்பாலும் மருந்து கொடுத்து உறங்க வைப்பர். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் செல்லலாகாது. காதணி, காப்பு மட்டுமன்றி, பெற்றோர் கழற்றத் தயங்கும் தாயத்தையும் அரைஞாணையும் முன்கூட்டியே எடுத்துவிடுமாறு ஊழியர் சொல்லி அனுப்ப வேண்டும்.