ஆசிரியரின் சட்டைப்பையும் வகுப்பறையின் தேவையும்

1928 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலே, கொட்டூலா என்னும் சிற்றூருக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராகச் சென்றார். ஆசிரியர் கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்த அவருக்கு மேற்கொண்டு படிக்கப் பணமில்லை. ஓராண்டு கற்பித்துப் பொருளீட்டிக்கொண்டு மீளவேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்குக் கிடைத்தது மெக்சிக்கோ வழிவந்த உழைப்பாளர்களின் பிள்ளைகள் பயின்ற பாடசாலை. பிள்ளைகள் பலர் காலையுணவின்றி வந்தனர். முற்றத்தில் விளையாட இடமிருந்தது. விளையாட்டுப் பொருள்கள் இருக்கவில்லை. இளைஞர் தமது முதற் சம்பளப் பணத்தைக் கொண்டு பந்துகளும் மட்டைகளும் வாங்கினார். அவர் பெயர் லிண்டன் ஜோன்சன். பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியானவர் அவரே.

அவரோடு முடிந்துபோன வழக்கமன்று அது. 2014-15 பாடசாலை ஆண்டைப் பற்றி அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர நிலையம் எடுத்த கணக்கின்படி, பொதுப் பாடசாலை ஆசிரியர்களுள் நூற்றுக்கு 94 பேர் வகுப்பறைப் பொருள்களுக்காகத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டிருந்தனர். எவரும் அப்பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வாறு செலவிட்டோரின் சராசரிச் செலவு 479 டொலர். வறிய பிள்ளைகள் மிகுந்த பாடசாலைகளிலே ஆசிரியரின் செலவும் மிகுந்தே காணப்பட்டது. கொப்பி, பென்சில், நிறக்கட்டி, வாசிப்பு நூல், துடைக்கும் தாள் என்று சிறு சிறு பொருள்களாகச் சேர்ந்த தொகை இது.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருங்கட்டணம் செலுத்திப் பயிலும் கலாசாலை என்பது பொருள். அமெரிக்காவிலோ, அச்சொல் வரிப்பணத்தில் நடைபெறும் இலவசப் பாடசாலையையே குறிக்கும். செல்வம் மிகுந்த அந்நாட்டில், இலவசப் பாடசாலை ஆசிரியர் தம் சட்டைப்பையைத் திறக்கவேண்டிய நிலை எவ்வாறு வந்தது?

பாடசாலைகளை நடத்தும் பொறுப்பு அங்கே ஏறக்குறைய 13,000 பாடசாலை வட்டாரங்களிடம் உள்ளது. செலவின் பெரும்பங்கை மாநில அரசுகளும் வட்டாரங்களும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. சமஷ்டி அரசு தருவது சாதாரண ஆண்டுகளிற் பத்திலொரு பங்குக்கும் குறைவு. வட்டாரத்தின் பங்கு பெரும்பாலும் வீடு, நிலம் ஆகியவற்றின் மீதுள்ள வரியினால் வருவது. ஆகவே, விலையுயர்ந்த வீடுகள் உள்ள வட்டாரத்திற் குறைந்த வரியிலேயே நிறைந்த பணம் சேரும். குடிசைகள் உள்ள வட்டாரத்தில் வரியை உயர்த்தினும் பணம் சேராது.

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரம் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. 1967-68 ஆம் ஆண்டில், அந்நகரின் எட்ஜ்வுட் வட்டாரத்தார் நூறு டொலர் மதிப்புக்கு 1 டொலர் 5 சதம் வரி செலுத்தினர். மாணவர் ஒருவருக்குச் சேர்ந்தது 26 டொலர். அதே நகரின் அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தார் 85 சதமே செலுத்தினர். மாணவர் ஒருவருக்கு 333 டொலர் சேர்ந்தது. எட்ஜ்வுட் பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1973 ஆம் ஆண்டில், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, கல்வி சமஷ்டி அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமையன்று எனத் தீர்ப்பளித்தனர். பெற்றோர் தோற்றனர். பின்னர் மாநில நீதிமன்றங்களிலே பல வழக்குகள் நடந்தன, சில வென்றன. ஆயினும் ஏற்றத்தாழ்வு முற்றாக ஒழிந்துவிடவில்லை.

அத்தீர்ப்புக்கு எட்டாண்டுகள் முன்னரே ஜோன்சன் ஒரு வழி கண்டிருந்தார். 1965 ஏப்பிரல் 11 ஆம் நாள், தாம் சிறுவனாக முதன்முதற் பயின்ற பள்ளியின் முன்றிலில் அமர்ந்து, தமது முதல் ஆசிரியையை அருகில் இருத்திக்கொண்டு, அவர் ஒரு கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் முதலாம் பிரிவு, வறிய பிள்ளைகள் மிகுந்த பாடசாலைகளுக்குச் சமஷ்டி அரசின் பணத்தை வழங்குவது. இன்றளவும் வழங்கிவருவது. இப்பணம் ஆசிரியரின் கைக்கு வருவதில்லை. வட்டாரத்தின் கைக்கே வரும். அங்கிருந்து பாடசாலைக்கு வந்து, பெரும்பகுதி சம்பளமாகச் சென்றுவிடும். ஆயினும் வகுப்பறைப் பொருளுக்கும் அதில் இடமுண்டு. பொருள் தேடும் ஆசிரியர் வெளியாரை நாடுமுன் அதிபரிடம் சென்று, முதலாம் பிரிவுப் பணம் தம் பாடசாலைக்கு உண்டா, எவ்வளவு எஞ்சியுள்ளது, யாரிடம் எந்த மாதத்திற்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று கேட்டறிதல் தக்கது. அயலாரிடம் நன்கொடை கேட்கக் கூசாதவர் சிலர், தமக்கு உரித்தான இப்பணத்தைக் கேட்கக் கூசுவது விந்தையே.

வரிச் சலுகையொன்றும் உண்டு. சொந்தப் பணத்தில் வாங்கிய பொருள்களின் செலவில் 250 டொலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக் கணக்கிடலாம் என்று 2002 இல் விதிக்கப்பட்டது. 2022 ஆம் வரியாண்டில் அவ்வெல்லை 300 டொலராயிற்று. ஓராண்டிற் குறைந்தது 900 மணி நேரம் பாடசாலையிற் பணிபுரிந்தவருக்கே இச்சலுகை உரியது. பற்றுச்சீட்டுக்களைப் பேணிவைத்தல் அவசியம். ஆனால் 300 டொலரும் திரும்பி வந்துவிடும் என்று எவரும் கருதலாகாது. வருமானத்தின் மேற்பகுதிக்கு நூற்றுக்கு 22 வீதம் வரி செலுத்துபவருக்கு மிஞ்சுவது 66 டொலர். 12 வீதம் செலுத்துபவருக்கு 36 டொலர். எஞ்சியது ஆசிரியரின் கொடையே.

இனி, பணமாக அன்றிப் பொருளாகவே கிடைக்கும் உதவிகளை நோக்குவோம். இவற்றுட் பழைமையானதொன்று வானொலியோடு தொடர்புடையது. 1978 இல், நியூ யோர்க் நகரின் பண்பாட்டுத் திணைக்களத்திற் பணிபுரிந்த அஞ்சலா பிரிமொன்ட் என்னும் ஓவியர், சென்றல் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று தேவை என்பதை அறிந்தார். ஒரு வானொலி நிகழ்ச்சியோடு தொலைபேசியிற் பேசி அதனைத் தெரிவித்தார். கேட்டவர்கள் பலர் தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் தர முன்வந்தனர். ஒருவருக்கு வேண்டாத பொருள் வேறொருவருக்குத் தேவைப்படுகிறது. இருவரையும் இணைக்கத்தான் ஆளில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. அதிலிருந்து தோன்றியது ‘கலைகளுக்கான பொருள்கள்’ எனப் பொருள்படும் நகரக் களஞ்சியம். குயீன்ஸ் பகுதியில் உள்ள அப்பெரிய பண்டசாலையில் ஆடைத் தொழிலார் விட்ட துணி, அச்சகத்தார் விட்ட தாள், பொத்தான், வர்ணம், தளபாடம் எல்லாம் வந்து குவிகின்றன. நகரின் பொதுப் பாடசாலை ஆசிரியர் முன்னரே நாள் குறித்துக்கொண்டு சென்று, வேண்டியதை விலையின்றி எடுத்துவரலாம். வேறு நகரங்களிலும் இத்தகைய களஞ்சியங்கள் உள. இவற்றில் ஓர் இடர்ப்பாடும் உண்டு: இன்று பொத்தான் கிடைக்கும், கொப்பி கிடையாது. பாடத்துக்கு ஏற்ற பொருளைத் தேடிச் செல்பவர் பல வேளைகளில், பொருளுக்கு ஏற்ற பாடத்தை எண்ணிக்கொண்டு திரும்புவார்.

அரசாங்க அலுவலகங்கள் கழித்த கணினிகளைப் பாடசாலைகளுக்கு மாற்றிக்கொடுக்க 1996 இல் ஜனாதிபதி கிளின்டன் ஆணையிட்டார். நாசா நிறுவனமும், 2010 டிசெம்பரில், விண்ணோடங்களை வெப்பத்தினின்று காத்த ஓடுகளுள் ஏறக்குறைய 7,000 ஓடுகளைப் பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்க முன்வந்தது. ஓடு இலவசம், அனுப்பும் செலவு 23 டொலர் 40 சதம். அச்சிறு தொகையைத் தருவது யார் என்ற கேள்வி எழுந்த பாடசாலைகளும் இருந்திருக்கும்.

நன்கொடையின் கதையில் 2000 ஆம் ஆண்டு ஒரு திருப்பம். நியூ யோர்க்கின் புரொங்க்ஸ் பகுதியிற் சமூகக்கல்வி கற்பித்த சாள்ஸ் பெஸ்ட் என்னும் இளம் ஆசிரியர், ஓய்வறையிற் சக ஆசிரியர் பேசுவதை நாள்தோறும் கேட்டார். இந்நூல் இருந்தால் இப்பாடத்தை இவ்வாறு நடத்தலாம், அக்கருவி இருந்தால் அப்பரிசோதனையைச் செய்து காட்டலாம் என்ற பேச்சே எப்போதும். கொடுக்க விரும்புவோர் வெளியில் இருக்கவே செய்வர். எங்கே கொடுப்பது, கொடுத்தது எங்கே போயிற்று என்பதே அவர்களுக்குத் தெரியாது என அவர் எண்ணினார். ஆசிரியர் தம் தேவையை எழுதவும், விரும்பியவர் தாம் விரும்பிய தேவைக்குக் கொடுக்கவும் ஓர் இணையத்தளம் அமைத்தார். ‘கொடுப்போர் தெரிவு செய்க’ எனப் பொருள்படும் டோனர்ஸ்சூஸ் என்பது அதன் பெயர்.

தொடக்கத்தில் எழுத எவரும் முன்வரவில்லை. அவருடைய தாயார் பேரிக்காய் கொண்டு இனிய பண்டமொன்று செய்வதில் வல்லவர். அதனைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, உண்பவர் ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும் என்று நிபந்தனை விதித்தார் பெஸ்ட். பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. கொடுப்பாரில்லை. ஒன்றுக்கு அவருடைய மாமி கொடுத்தார். மற்றப் பத்துக்கும் தம் பெயரை மறைத்து அவரே கொடுத்தார். அதை அறியாத ஆசிரியர்கள் எங்கோ வள்ளல்கள் இருக்கின்றனர் என்று நம்பினர். செய்தி பரவி விண்ணப்பங்கள் குவிந்தன. அப்போது அவருடைய மாணவர்களே பாடசாலை முடிந்தபின் அமர்ந்து, 2,000 பேருக்குக் கைப்படக் கடிதங்கள் எழுதினர். 30,000 டொலர் வந்தது.

இம்முறையின் உயிர்நிலை யாதெனில், ஆசிரியரின் கையிற் பணம் கொடுபடுவதில்லை. வேண்டிய பொருளை அவர் விலையுடன் குறிப்பிடுவார். தொகை நிறைந்ததும் நிறுவனமே பொருளை வாங்கிப் பாடசாலை முகவரிக்கு அனுப்பும். பொருள் பாடசாலையின் உடைமை. பொருள் சேர்ந்ததும் ஆசிரியர் நன்றிக்கடிதமும் வகுப்பின் படமும் அனுப்புவார். கொடுத்தவருக்குக் கண்ணால் காணச் சான்று, வாங்கியவருக்கு ஐயத்துக்கிடமில்லாத கணக்கு. ஆயினும் இவ்வாறு வெளியாரிடம் கேட்பதைத் தடுத்த வட்டாரங்களும் உள. ஆகையால், அதிபரின் அனுமதியைப் பெற்ற பின்பே எழுதுதல் நல்லது.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ‘எம் வகுப்பு வறியது, உதவுக’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் தோன்றாது. ‘முப்பது பிள்ளைகள், நுணுக்குக்காட்டி ஒன்றே, குளத்து நீரிலுள்ள உயிர்களைப் பார்க்க ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு நிமிடம், இன்னும் நான்கு வேண்டும்’ என்று எழுதினால் அவ்வகுப்பே அவர் கண்முன் நிற்கும். சிறு தொகை விரைவில் நிறையும். பெருந்தேவையை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கேட்பது அனுபவமுள்ளவர் வழக்கம். பிள்ளைகளின் வறுமையை விரித்துரைத்து இரக்கம் தேடும் விண்ணப்பங்களும் உண்டு. அவை பலனளித்தல் கூடும். ஆனால் அவ்வெழுத்தை அப்பிள்ளையின் தாயும் ஒருநாள் வாசிக்கலாம் என்பதை எழுதுபவர் மறந்துவிடுதல் ஆகாது.

2018 மார்ச் மாதத்தில், ஒரு நிதித் தொழில்நுட்ப நிறுவனம் 2 கோடி 90 இலட்சம் டொலரை ஒரேயடியாக வழங்கி, அத்தளத்திற் காத்திருந்த 35,000 இற்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அனைத்தையும் நிறைவேற்றியது. 28,000 இற்கு மேற்பட்ட ஆசிரியர் பயனடைந்தனர். பலகை வெறுமையாயிற்று. அதன் பின்னரும் விண்ணப்பங்கள் வந்துகொண்டேயிருந்தன. பென்சில் எழுதத் தேயும் பொருளல்லவா?

கேட்பவரின் மதிப்பைக் காத்த முறையும் உண்டு, காவாத முறையும் உண்டு. 2021 டிசெம்பர் 11 ஆம் நாள், தென் டக்கோட்டா மாநிலத்துச் சூ ஃபோல்ஸ் நகரில், பனித்தள ஹொக்கி ஆட்டத்தின் இடைவேளையில், தளத்தின் நடுவே விரிப்பொன்று விரிக்கப்பட்டது. அதன்மேல் ஒரு டொலர்த் தாள்களாக 5,000 டொலர் கொட்டப்பட்டது. பத்து ஆசிரியர் முழந்தாளிட்டு, ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்க, அள்ளியள்ளித் தம் சட்டைக்குள் திணித்தனர். எடுத்த பணம் வகுப்பறைக்கு. பார்த்தவர் பலர் அன்று சிரித்தனர். அக்காட்சி நாடெங்கும் பரவியபோது சிரிப்பு நின்றது. நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டனர். அப்பத்துப் பேருக்கும் மேலும் 500 டொலர் வீதம் வழங்கப்படும் என்றனர். விண்ணப்பித்தும் தெரிவுசெய்யப்படாத இருபத்தொரு ஆசிரியருக்கும் அவ்வாறே 500 டொலர் வழங்கப்படும் என்றனர். மொத்தம் 15,500 டொலர்.