வாணிபமும் ராஜ்யமும் – 6: இரண்டு வாக்கெடுப்புகள்

பெரிய ஸ்தாபனமொன்றைத் திறம்பட நடத்தியவருக்கு ராஜ்ய நிர்வாகம் மட்டும் கைவராமற் போகுமா என்னும் வாதம், வரவறிந்து செலவு செய்பவரிடமே குடும்பப் பொறுப்பை ஒப்படைக்கும் நம் வழக்கத்தோடு ஒத்துப்போவதனால், கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே படுகிறது. இதைப் பரீட்சித்துப் பார்க்க அமெரிக்காவின் கார்லி பியோரினா அம்மையாரின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1939-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் ஹியூலெட், பாக்கார்ட் என்ற இரு நண்பர்கள் தொடங்கிய கம்பெனிக்கு, 1999-ல் தலைமை நிர்வாகியாக வந்தவர் அவர். அந்தக் கம்பெனியின் பழைய தர்மம் எத்தகையது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 1970-ல் வியாபாரம் மந்தப்பட்டபோது, ஆட்களைக் கழிப்பதற்குப் பதிலாக, பத்து வேலை நாட்களில் ஒரு நாளை விட்டு, அதற்கேற்பச் சம்பளத்தையும் எல்லோருமாகக் குறைத்துக்கொண்டார்கள். 2001-ல் மறுபடியும் மந்தம் வந்தது. சம்பளத்திலோ விடுமுறையிலோ ஒரு பங்கைத் தாமாக விட்டுக்கொடுக்கும்படி பியோரினா கேட்க, 80,000 பேருக்கு மேல் மனமுவந்து இசைந்தார்கள்; சில வாரங்களுக்குள், 6,000 பேர் நீக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. கணக்கு அதை வேண்டியிருக்கலாம். இசைந்தவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் காம்பாக் என்ற கணினிக் கம்பெனியைத் தம்முடையதோடு இணைக்கும் திட்டத்தை அவர் வெளியிட்டார். ஸ்தாபகரின் மகன் வால்டர் ஹியூலெட் அதைக் கடுமையாக எதிர்க்க, 2002 மார்ச்சில் பங்குதாரர்களிடம் வாக்கு எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 51 சதவீத ஆதரவோடு பியோரினா வென்றார். இந்த வாக்கெடுப்பின் தன்மையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கே எண்ணப்பட்டவை தலைகளல்ல, பங்குகள். லட்சம் பங்கு உடையவருக்கு லட்சம் வாக்கு. இணைப்பினால் வேலையிழக்கப்போகும் ஊழியருக்கு, ஊழியர் என்ற முறையில், ஒரு வாக்கும் கிடையாது. பியோரினாவின் காலத்தில் வேலையிழந்தவர்கள் சுமார் 30,000 பேர். 2005-ல் இயக்குநர் குழு அவரையே பதவியிலிருந்து விலக்கியபோது அவருக்குக் கிடைத்தது இரண்டு கோடி டாலருக்கு மேல்.

இணைப்பு பிழையென்று நான் சொல்லவில்லை. 2006-ல் இணைந்த கம்பெனி கணினி விற்பனையில் டெல் கம்பெனியை முந்தியதை அவருடைய ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவது நியாயமே.

2010-ல் அமெரிக்க செனட்டுக்கு, நிர்வாக அனுபவத்தையே முதன்மையான யோக்கியதையாக முன்வைத்து, கலிபோர்னியாவில் அவர் போட்டியிட்டார். எதிரே நின்ற பார்பரா பாக்ஸர், நீக்கப்பட்ட ஊழியர்களின் கதையைப் பிரசாரத்தின் மையத்தில் வைத்தார். இம்முறை எண்ணப்பட்டவை தலைகள். பியோரினா சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையிலுள்ள தூரமே கம்பெனிக்கும் ராஜ்யத்துக்கும் உள்ள தூரம். கம்பெனி ஒருவரை நீக்கிவிட்டால் அவர் அதன் சம்பளப் புத்தகத்திலிருந்து மறைந்துபோகிறார். ராஜ்யமோ, வேலையற்றவரையும் நோயாளியையும் முதியவரையும் தன் கணக்கிலிருந்து அடித்துவிட இயலாது. கம்பெனி வெளியே அனுப்பியவர்களுக்கும் அதுவே படியளக்க வேண்டும். ஆகவே வாணிப வெற்றி ஒருவருடைய சாமர்த்தியத்துக்குச் சாட்சியாகலாமே தவிர, பிரஜைகளை ஆளும் தகுதிக்குத் தானாகவே சாட்சியாகிவிடாது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

வணிகர்கள் அரசாங்கத்துக்கு வரவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான டேவிட் பாக்கார்ட், 1969 முதல் 1971 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலராக இருந்தார். அவரைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.