துருவத் தீவுக்குப் போகுமுன், திரும்பும் வழி

பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை ஒரு நெடுநாள் விருப்பத்திற்கென ஒதுக்கி வைத்தோம், கணவன் மனைவி இருவருமாக. நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் ஸ்வால்பார்டு. நார்வேயின் பெருநிலத்திற்கும் வட துருவத்திற்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த தீவுக்கூட்டம் அது. அங்குள்ள நி-ஆலெசுண்டு என்னும் சிற்றூரில் 2008-ஆம் ஆண்டு முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது என்ற செய்தியே எங்கள் ஆர்வத்தைத் தூண்டியது.

1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. அத்தீவுகளில் நுழைய விசா தேவையில்லை என்று படித்தபோது மகிழ்ந்தோம். ஆனால், வழக்கமான பயணிகள் விமானங்கள் ஆஸ்லோ, டிரோம்சோ ஆகிய நார்வே நகரங்களிலிருந்தே புறப்படுகின்றன. எனவே இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா இன்றியமையாதது.

இங்கேதான் நாங்கள் தவறவிருந்தோம். நார்வே ஷெங்கன் பகுதியில் உள்ளது. ஸ்வால்பார்டோ அதற்கு வெளியே உள்ளது. தீவுக்கு விமானம் ஏறும்போதே நாம் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியவர்களாகிறோம். திரும்பி ஆஸ்லோவில் இறங்குவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் சட்டப்படி திரும்ப இயலாது. விண்ணப்பத்தில் நாங்கள் குறித்திருந்தது 'ஒருமுறை' என்பதே. சமர்ப்பிக்கும் முன்னிரவு பயண நாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. 'இருமுறை' எனத் திருத்தினோம். பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி நேரம்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆயினும், அது ஸ்வால்பார்டுக்கும் பொருந்துமா என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும். தலைமை ஊரான லாங்யியர்பியனில் உள்ள மருத்துவமனை சிறியது. கடும் நோயாளிகளை டிரோம்சோவுக்கு வானூர்தியில் கொண்டு செல்வார்கள். அச்செலவும், பனிப்பாறை நடை, பனி ஊர்திப் பயணம் போன்றவையும் காப்பீட்டில் அடங்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலம் பெற்றோம்.

பருவமும் முக்கியம். லாங்யியர்பியனில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை உதிப்பதில்லை. படகில் பனியாறுகளைக் காண விரும்பியதால் ஜூலையைத் தேர்ந்தோம். ஊர்களுக்கிடையே சாலைகள் இல்லை. துருவக் கரடிகள் உலவுவதால், ஊர் எல்லைக்கு அப்பால் ஆயுதம் ஏந்திய வழிகாட்டியுடன் செல்வதே பாதுகாப்பு. அவருடைய கட்டணத்தையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, நார்வே குரோனே நாணயமே அங்கு வழங்குகிறது. அட்டைகளும் பரவலாக ஏற்கப்படுகின்றன. நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கி, வரம்பையும் நிர்ணயிக்க வேண்டும். ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று உதவும் என்று இரண்டு அட்டைகளை வெவ்வேறு பைகளில் வைத்துக்கொண்டோம். தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சுற்றுலாத் தொகுப்புகளின் மீது முன்கூட்டியே வசூலிக்கப்படும் வரியை, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். நடப்பு விகிதத்தை உங்கள் கிளையில் கேட்டறியுங்கள்.

இறுதியாக, இரண்டு உபரி நாள்கள். ஆஸ்லோவிலிருந்து தாயகம் திரும்பும் பயணச்சீட்டை, தீவிலிருந்து வந்து சேரும் நாளுக்கு இரண்டு நாள் கழித்தே பதிவு செய்தோம். வீண் செலவு என்று உறவினர் சிலர் கருதினர். புறப்பட வேண்டிய நாளில் லாங்யியர்பியனில் மூடுபனி சூழ்ந்தது. விமானம் மறுநாள்தான் கிளம்பியது. எங்களுக்குப் பதற்றம் இல்லை.

ஆஸ்லோவில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, விசாவில் நுழைவு எண்ணிக்கை '02' என்றிருப்பதைப் பார்த்துத் தலையசைத்து அனுமதித்தார். இருமுறை சரிபார்த்த அந்த முன்னிரவை இருவரும் நினைத்துக்கொண்டோம். தொலைதூரப் பயணத்திற்குச் சேமிக்கும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: செல்லும் வழியைத் திட்டமிடுமுன், திரும்பும் வழியைத் தாளில் எழுதிப் பாருங்கள்.